தீர்மானம்: அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறித்தல்

இலங்கையில் இனப்பிரச்சினைத் தீர்வுக்கான பேச்சுவார்த்தை நடத்த மூன்று பொருட்கள் போதும்: ஒரு நீண்ட மேசை, அதன் நடுவில் பூச்சாடி, இருபுறமும் கோப்புகள். கோப்புகளைத் திறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவில் கூட்டறிக்கை வெளியாகும். "ஆக்கபூர்வமான", "சிநேகபூர்வமான" ஆகிய இரண்டு சொற்களும் அதில் தவறாமல் இடம்பெறும். வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்தத் துறையைக் கற்றவர்கள் இரண்டு வகைப்படுவர். கூட்டறிக்கையைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வைப்பவர்கள் முதல் வகை. அதில் சுற்றித் தந்த வடையைத் தின்றுவிட்டுக் கடதாசியை எறிபவர்கள் மறுவகை.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, கிளிநொச்சியில் ஓய்வுபெற்று இருக்கும் மாஸ்டர் ஒருவர். அவருடைய கோப்பு நீல மட்டை போட்டது. மட்டை கழன்றுபோய்ச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. 2009இல் உரப்பையில் சுற்றப்பட்டு நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் வந்ததால் நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. 1989ஆம் ஆண்டுப் பேச்சையும் 1994ஆம் ஆண்டுப் பேச்சையும் இப்போது பிரித்து வாசிக்க முடியாது. வாசித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. மறுவகைக்கு எடுத்துக்காட்டு, இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு கமக்கார அமைப்பின் பொருளாளர் அக்கா. பரந்தன் சந்தித் தேநீர்க்கடையில் இருவரும் சந்திக்கும்போது பாடம் தொடங்கும்.

மாஸ்டர்: பிள்ளை, பேப்பர் பார்த்தனீரோ? திரும்பவும் பேசப்போகினமாம். இந்தமுறை உண்மையாத்தான் நிக்கினம் போல கிடக்கு. முதல் சந்திப்பு நல்ல ஆக்கபூர்வமா நடந்திருக்கு.

பொருளாளர்: என்ன தீர்மானம் எடுத்தவை மாஸ்டர்?

மாஸ்டர்: அடுத்த சந்திப்புக்குத் திகதி குறிச்சிருக்கினம்.

பொருளாளர்: அதுக்கு எத்தினை பேர் போனவை?

மாஸ்டர்: அதென்ன கேள்வி? சரித்திரம் தெரியாமக் கதைக்கக்கூடாது.

சரித்திரம் கோப்பின் முதற்பக்கத்தில் இருக்கிறது. பண்டா–செல்வா ஒப்பந்தம் 1957 ஜூலை 26இல் கையெழுத்தானது. பிராந்திய சபைகள் அமைப்பதாகச் சொன்னது. பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து உட்கார, 1958 ஏப்ரல் 9இல் அது கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி–செல்வா ஒப்பந்தம் வந்தது. பிராந்தியம் சுருங்கி மாவட்டமாகியிருந்தது. 1968இல் மாவட்ட சபையும் போனது.

பொருளாளர்: முதலாவது எட்டரை மாசம். அதுக்குள்ள நாங்கள் காலபோகமும் வெட்டி, சிறுபோகமும் விதைச்சிருப்பம்.

மாஸ்டர்: அரசியலும் வயலும் ஒண்டில்லைப் பிள்ளை. அது நுட்பமான விசயம். திம்புவில எவ்வளவு நுட்பமாப் பேசினவை தெரியுமோ?

திம்புப் பேச்சு 1985 ஜூலையிலும் ஓகஸ்டிலுமாக இரண்டு சுற்று நடந்தது. தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, தன்னாட்சி உரிமை உண்டு, நாட்டிலுள்ள தமிழர் எல்லாருக்கும் குடியுரிமை வேண்டும் என்று நாலு கோட்பாடுகளைத் தமிழ்த் தரப்புகள் ஒன்றாக முன்வைத்தன. அரசு ஏற்கவில்லை. ஆனாலும் தீர்மானம் ஒன்று எடுக்கப்பட்டது: அடுத்த சுற்றுக்குத் திகதி. அந்த இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி எட்டியது. தமிழ்த் தரப்புகள் எழுந்து வெளியேறின.

பொருளாளர்: மேசை பூட்டானில. பிரேதம் வவுனியாவில. இதில நுட்பம் எங்க மாஸ்டர் இருக்கு?

மாஸ்டர் பிளேன்ரீயைக் குடித்தார். இந்தக் கேள்விக்குக் கோப்பில் பக்கம் இல்லை.

அடுத்த அத்தியாயம் வடக்கு–கிழக்கு இணைப்பு. ஓர் ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று சனத்தைக் கேட்டு முடிவெடுப்பதாக இந்த நாட்டில் எழுத்தில் ஒப்புக்கொண்ட சங்கதி அது என்பதால், அதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் இரண்டு மாகாணங்களையும் தற்காலிகமாகச் சேர்த்துவைத்தது. சேர்ந்தே இருப்பதா, பிரிவதா என்று 1988 டிசெம்பர் 31க்கு முன் கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாகவும், தேவைப்பட்டால் ஜனாதிபதி அதை ஒத்திவைக்கலாம் என்றும் அதே தாளில் எழுதியிருந்தது. எழுதிய வாசகங்களில் இந்தக் கடைசிப் பகுதி மட்டும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. மறுவருடமும் ஒத்திவைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, கொள்கைகள் தலைகீழாயின. ஒத்திவைப்பு மட்டும் மாறவில்லை. இடையில் 1990இல் இணைந்த மாகாணத்தின் சபை கலைந்துபோனது. சபை இல்லாத மாகாணம் பதினாறு வருடம் இணைந்தே இருந்தது.

மாஸ்டர்: ஒத்திவைச்சாலும் ஒவ்வொருமுறையும் திகதி போட்டுத்தான் ஒத்திவைச்சவை. அதைக் கவனிக்கவேணும்.

பொருளாளர்: கவனிச்சனான். எங்கட மாகாணச் சனத்திட்டக் கேக்கிறதெண்டு எழுதவே இல்லை. எழுதின கிழக்குச் சனத்திட்டயாவது கேட்டிச்சினமோ?

மாஸ்டர்: இல்லை. 2006 ஒக்டோபர் 16இல உயர் நீதிமன்றம், சேர்த்த முறையே செல்லாதெண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. 2007 ஜனவரி முதலாம் திகதி ரெண்டும் தனித்தனி.

பொருளாளர்: சேர்க்கேக்கையும் கேக்கேல்லை, பிரிக்கேக்கையும் கேக்கேல்லை.

மாஸ்டர் உலக நடப்பு அறிந்தவர். இந்த இடத்தில் அவர் பிரித்தானியாவை மேசைக்கு இழுத்தார். 2016 ஜூன் 23இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் நாள் 2019 மார்ச் 29 என்று குறித்தார்கள். அது ஏப்ரலுக்குப் போய், ஒக்டோபருக்குப் போய், கடைசியில் 2020 ஜனவரி 31இல் விலகினார்கள். மூன்று ஒத்திவைப்பு. பாராளுமன்றத்தில் கூச்சல், தெருவில் ஊர்வலம், இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று நாடு முழுக்கச் சலிப்பு.

மாஸ்டர்: வெள்ளைக்காரனே மூண்டு தரம் தள்ளிப்போட்டவன். நாங்கள் கொஞ்சம் பொறுத்தா என்ன?

பொருளாளர்: அவையள் நாலு வருசத்தில சலிச்சுப்போச்சினமோ? குடுத்துவைச்ச சனம்! அவையிட்ட முதல்ல கேட்டுப்போட்டு இழுத்தடிச்சவை. எங்களை இழுத்தடிச்சது கேக்கிறதுக்கு முதலே. மற்றது மாஸ்டர், அங்க பேச்சு பிசகினா சாமானுக்கு விலை ஏறும். இங்க பிசகினா நாங்கள் பங்கர் வெட்டோணும்.

மாஸ்டர் ஒன்றும் பேசாமல் 2002ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பிரித்தார். கோப்பின் பொற்காலம் அதுதான். பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ9 வீதி திறப்பு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பேருந்துகள் நின்றன, தேங்காய் உடைந்தது, கச்சான் விற்றது. கிளிநொச்சிக்கு வெள்ளை வாகனங்களில் பிரமுகர்கள் வந்துபோனார்கள். பேச்சு 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தாஹிப்பில் தொடங்கியது. பிறகு நக்கோன் பத்தோம், ஒஸ்லோ, திரும்பவும் நக்கோன் பத்தோம், பேர்லின், 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனே. ஆறு மாதத்தில் ஆறு சுற்று, நாலு நாடு. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அடிப்படையிலான தீர்வொன்றை ஆராய இரண்டு தரப்பும் இணங்கின. அது சின்ன விடயமல்ல. ஆராய்வதற்கு உபகுழுக்கள் இருந்தன. உபகுழுக்களும் கூடித் திகதி குறித்தன.

பொருளாளர்: ஏழாஞ் சுற்றில என்ன நடந்தது?

மாஸ்டர்: திகதி குறிச்சிருந்தது. அதுக்குள்ள 2003 ஏப்ரல் 21இல இடைநிறுத்திப்போட்டினம். ஆனா ஜூனில டோக்கியோவில உதவி குடுக்கிற நாடுகள் கூடி நாலரை பில்லியன் டொலர் தாறதெண்டு சொன்னவை.

பொருளாளர்: அதில எங்கட வாய்க்காலுக்கு எவ்வளவு வந்தது?

மாஸ்டர்: அது வாக்குறுதி, பிள்ளை.

பொருளாளர்: வரவுப் பக்கத்தில எழுதேலாதெண்டு சொல்லுங்கோ.

இந்த இடத்தில் அக்காவின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரணைமடுவின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். கமக்கார அமைப்புகள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல அதிகாரிகள் எல்லாரும் வருவார்கள். சிறுபோகக் கூட்டந்தான் பெரிய சண்டை. குளத்தில் நிற்கும் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அங்கேதான் தீர வேண்டும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள் மேல்காணிக்காரரை நம்பமாட்டார்கள். கதிரை இழுபடும், தகப்பன் காலத்துக் கோபமெல்லாம் வெளியே வரும். கூட்டம் முடியும்போது தாளில் திகதிகள் இருக்கும்: தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் நாள், தண்ணீர் மறிக்கும் நாள்.

பொருளாளர்: நாங்களும் திகதிதான் குறிக்கிறம் மாஸ்டர். ஆனா அந்தத் திகதியில கதவு திறபடும், தண்ணி வரும். வராட்டி ஆரிட்டப் போய்ச் சத்தம் போடுறதெண்டு எங்களுக்குத் தெரியும். உங்கட மேசையில இருந்தவை ஒருத்தருக்கும் வயல் காயேல்லை. ரெண்டு பக்கத்தையுந்தான் சொல்லுறன்.

மாஸ்டர்: மெல்லக் கதையும் பிள்ளை.

பொருளாளர்: ஏன், கூட்டறிக்கையில வந்திடுமோ?

2006ஆம் ஆண்டு கோப்பில் இரண்டே தாள்கள். பெப்ரவரி 22, 23இல் ஜெனீவாவில் கூடி, ஏப்ரலில் கூடுவதென்று தீர்மானித்தார்கள். ஏப்ரலில் கூடவில்லை. ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பூட்டப்பட்டது. ஒக்டோபர் 28, 29இல், வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்ட தீர்ப்பு வந்து பன்னிரண்டு நாளில், மறுபடி ஜெனீவா. வீதியைத் திறப்பதா இல்லையா என்பதிலேயே பேச்சு இறுகியது. கலைந்து போகும்போது அடுத்த சந்திப்புக்கு நாள் சொல்லப்படவில்லை.

மாஸ்டர்: அந்த ஒரு தரந்தான் பிள்ளை, திகதியும் குறிக்காம எழும்பிப் போனவை.

பொருளாளர் சிரிக்கவில்லை. திகதி இல்லாத கூட்டத்துக்குப் பிறகு வந்தது என்ன என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2008 ஜனவரி 16இல் போர்நிறுத்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. மிஞ்சியவர்கள் செட்டிக்குளம் முகாம்களில் முட்கம்பிக்குள் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் கோப்போடு நின்றார்.

அதன் பிறகும் துறை வளர்ந்தது. 2011இல் மறுபடி பேச்சு, பல சுற்று. 2017 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்புக்கு இடைக்கால அறிக்கை. இவற்றைக் கோப்பு நல்ல நிலையில் வைத்திருக்கிறது, தண்ணீர் படவில்லை. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் முதல் தேர்தல் நடந்தது. சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த ஆறு வருடமும் மறுதேர்தல் நடக்கவில்லை.

மாஸ்டர்: அதுக்கும் திகதி வெகுவிரைவில அறிவிக்கிறதெண்டு...

பொருளாளர்: மாஸ்டர், உங்கட கோப்பில கேப்பாப்பிலவு இருக்கோ?

மாஸ்டர்: அது பேச்சுவார்த்தையில்லையே.

பொருளாளர்: அதாலதான் கொஞ்சமாவது கிடைச்சது.

2017இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் ஒரு மாதம் குந்தியிருந்து தங்கள் காணிக்குள் போனார்கள். மார்ச் 1இல் கேப்பாப்பிலவு மக்கள் இராணுவ முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் தெருவோரம் இருந்தே படித்தார்கள். டிசெம்பர் 28இல் 133 ஏக்கர் விடப்பட்டது. எல்லாக் காணியும் அல்ல. ஆனாலும் மாஸ்டரின் அறுபது வருடக் கோப்பில் ஏக்கர்க் கணக்கில் எழுதக்கூடிய வரவு ஒன்றுகூட இல்லை.

மாஸ்டர்: அப்ப பேசவே வேண்டாமெண்டுறீரோ?

பொருளாளர்: பேசட்டும். வேண்டாமெண்டு ஆர் சொன்னது? பேசப்போறவை ரெண்டு தரப்பும், கோட் போட முதல், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிக்கு வரட்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் படத்தோட இருக்கிற இடத்தில, நிலத்தில குந்தி, அவையள் கேக்கிற ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்லிப்போட்டுப் பிறகு எந்த நாட்டுக்கு வேணுமெண்டாலும் போகட்டும். சமஷ்டியெண்டாலும் சரி, மாகாணமெண்டாலும் சரி, கையில குடுத்த பிள்ளை எங்க எண்டு சொல்லத் தெரியாதவைக்கு அதிகாரத்தைப் பங்கு பிரிக்க மட்டும் எப்பிடித் தெரியும்?

அந்தத் தாய்மாரின் போராட்டம் அங்கே 2017 பெப்ரவரி 20இல் தொடங்கியது. நாலு நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. முதல் நாட்களில் வந்து இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.