எந்த முதுகுக்கும் பொருந்தும் பெல்ட்

முதுகுவலிக்காரர்களுக்கு நம் ஊரில் பொற்காலம் பிறந்திருக்கிறது. ‘ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், டிஸ்க் தானாக உள்ளே போகும்’ என்று தெருமுனையில் பேனர். உள்ளே கம்ப்யூட்டர் வைத்த கட்டில். நெஞ்சிலும் இடுப்பிலும் பெல்ட்டைக் கட்டி, மெல்ல இழுத்து, மெல்லத் தளர்த்தும். பெயர் ஸ்பைனல் டிகம்ப்ரஷன். எடைக்கல்லைத் தொங்கவிட்டு இழுத்த பழைய டிராக்‌ஷனுக்கு மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். கூடவே கட்டணமும் ஏறிவிட்டது.

இந்தச் சிகிச்சை உங்களுக்கு ஆகுமா என்று அவர்கள் முடிவுசெய்யும் அழகே தனி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடிப்பார்கள். “எல்4-எல்5ல டிஸ்க், அதான் ஜவ்வு, பிதுங்கியிருக்கு சார். இப்படியே விட்டா கால் விளங்காமப் போயிடும்.” வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பத்தில் மூன்று பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கும் என்கிறது 2015இல் வந்த ஆய்வுத் தொகுப்பு. அதைச் சொன்னால் கடை நடக்குமா? கால் மரத்திருக்கிறதா, கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா என்று தொட்டுப் பார்க்க ஆளில்லை. “இருபது சிட்டிங், மொத்தமா கட்டினா தள்ளுபடி. கார்டா, ஜிபேயா?” பர்ஸுக்குப் பொருத்தம் பார்த்தாயிற்று, பரிசோதனை முடிந்தது.

2013இல் 32 ஆய்வுகளைச் சலித்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு, டிராக்‌ஷனால் பெரிய பலன் எதையும் காணவில்லை. இடுப்புவலிக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2016இலேயே சொல்லிவிட்டது. டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானே குறையும். இருபது சிட்டிங்கும் ஓடுவது அதே வாரங்களில்தான். ஆற்றுவது உடம்பு, பேர் வாங்குவது கட்டில். குறையாவிட்டால்? “உங்க கேஸ் கொஞ்சம் காம்ப்ளிகேட்டட். இன்னும் பத்து போடலாம்.”

பணம் போனால் போகட்டும். எலும்பு வலுவிழந்த பாட்டியையும், எலும்பு முறிந்தவரையும், முதுகெலும்பில் கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவரையும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெல்ட்டில் மாட்டுவது வைத்தியமா? அயோக்கியத்தனம்.

சிறுநீரோ மலமோ கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துவிட்டது, கால் வலுவிழக்கிறது என்றால் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மற்றவர்கள் பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இது யாருக்கெல்லாம் ஆகாது?” ‘எல்லாருக்கும் ஆகும்’ என்று பதில் வந்தால் தயங்காமல் புறமுதுகு காட்டுங்கள். இந்தப் போரில் அது இழுக்கில்லை.