பன்னீர்ச் சொம்பும் லாகின் திரையும்: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம், கோவை–சத்தி சாலையில் உள்ள அன்னூரில் எங்கள் வீட்டு ஆசாரம். ஆய்வுப் பொருள், யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் மேசைத்திரையைக் காட்டுமுன் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் அந்த முதல் திரை. ஆய்வுக் கருவி, அக்கா மகளுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. விண்டோஸ் ஒரு பக்கம், டெபியனை அடியாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று பாகம் பிரித்த வீடு.

வரலாறு சொல்லாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். ஆதியில் கறுப்புத் திரைதான் இருந்தது. அதில் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழாது; உம் கொட்டாமல் கதை கேட்கிற ஆள் மாதிரி. 1988-இல் கீத் பேக்கார்டு எழுதிய எக்ஸ்டிஎம் என்ற வரைகலை லாகின் மேலாளர் வந்தது. பிறகு மேசைத்திரைச் சூழல்களில் க்னோமுக்கு ஜிடிஎம், கேடிஇக்குக் கேடிஎம் என வம்சம் பெருகிற்று. உபுண்டு 2011-இல் ஜிடிஎம்மை விட்டு லைட்டிஎம்மிடம் போய், 2017-இல் ஜிடிஎம்மிடமே திரும்பியது. பங்காளிச் சண்டை ஆறு வருஷத்தில் ஆறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கருதுகோள். கண்ணுக்குத் தெரியும் அந்தத் திரைக்கு லைட்டிஎம்மில் ‘கிரீட்டர்’ என்று பெயர். அதாவது கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கும் பையன். சந்தனத் தட்டு, கல்கண்டு, சிரிப்பு எல்லாம் அவனிடம் உண்டு, அதிகாரம் கிடையாது. லைட்டிஎம்மின் கிரீட்டர் ரூட் உரிமை இல்லாத தனிப் பயனராகவே ஓடுகிறது. வந்தவர் யார் என்று தீர்ப்புச் சொல்கிற பெரியவர் உள்ளே இருக்கிறார். அவர் பெயர் பேம். பாஸ்வேர்டு தப்பென்றால் அவர் சுமார் 2 வினாடி தாமதித்துத்தான் சொல்வார். திருட்டு நிரல்கள் சடசடவென்று ஆயிரம் சொற்களைப் போட்டுப் பார்க்காமலிருக்க இந்த ஏற்பாடு என்பார்கள் பொறியாளர்கள். கொங்கு மரியாதை என்பது என் துணிபு. இல்லை என்பதை நாங்களும் முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை.

கருதுகோளுக்குச் சோதனை போன வாரம் வந்தது.

“ஏனுங் மாமா, பாஸ்வேர்டு சரின்னு உள்ள உடுது. மறுக்கா வாசலுக்கே தள்ளீருது.”

“தப்பா அடிச்சிருப்ப, அம்மிணி.”

“தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லுதுங்க. இது ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது.”

நானும் அடித்துப் பார்த்தேன். திரை ஒருமுறை கறுத்தது, கண் சிமிட்டியது, மீண்டும் பெயர் கேட்டது. பந்திக்கு அழைத்துப்போய், இலை போடுமுன் கைத்தாங்கலாக வாசலில் கொண்டுவந்து விட்டு, மறுபடி பன்னீர் தெளிக்கிற விருந்தோம்பல்! பையன்மேல் கோபம் வந்தது. ஆனால் பையன் நிரபராதி. பேம் சரி சொன்னதும் மேசைத்திரை தொடங்குகிறது. தொடங்கும்போதே பயனரின் வீட்டுக் கோப்புறையில் சிலவற்றை எழுதிவைக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் சுருண்டு விழுகிறது. விழுந்தால் வரவேற்புத் திரையைத் திரும்பப் போடுவது லாகின் மேலாளரின் கடமை. அது கடமையைத்தான் செய்தது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பழைய கறுப்புத் திரைக்குப் போனேன். உம் கொட்டாத ஆள் உடனே உள்ளே விட்டார். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன். வட்டு 100 சதம் நிரம்பியிருந்தது. நிரப்பியது எங்கள் அண்ணன் மகன் கல்யாண வீடியோ. பென்டிரைவுக்கு மாற்றியதும் மேசைத்திரை வந்தது.