கழுத்துப்பட்டி கட்டிய பொய்

காலை ஐந்தே முக்கால். திகனச் சந்தியில் தேநீர்க் கடைக்காரர் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. அதற்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, கழுத்துப்பட்டி, முதுகில் தன் எடையில் பாதிக்குப் புத்தகம். ஆறு வயதுப் பையன் அரைத் தூக்கத்தில் ஏறுகிறான். ஏறும்போதே சாரதிக்கு ஒரு "குட் மோர்னிங் அங்கிள்". பார்த்தவர்கள் பூரித்துப் போகிறார்கள். பெரிய பாடசாலை என்றால் சும்மாவா? என்ன மரியாதை!

ஒரேயொரு சிக்கல். அந்தப் பையன் திகனயில் வசிக்கவில்லை.

நம் கண்ணுக்கு வசிக்கிறான். மாலையில் நம் வீட்டு முற்றத்தில்தான் கிரிக்கெட் ஆடுகிறான். ஆனால் காகிதத்தில் அவன் இங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தள்ளி, கண்டி நகரத்தில், பாடசாலை மதிலோரம் குடியிருக்கிறான். அங்கே ஓர் அறை இருக்கிறது. மாதாமாதம் வாடகை போகிறது. அப்பாவின் பெயருக்கு மின்சார பில் வருகிறது. மின்குமிழைப் போடத்தான் ஆளில்லை. பேய் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே வித்தியாசம், பேயின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்காது.

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி கொடுத்தார். அதை யாரும் பறிக்கவில்லை. இன்றும் கல்வி இலவசம்தான். விலாசத்துக்குத்தான் விலை.

முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்கக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிடும். பாதி இடங்கள் அயலில் குடியிருப்போருக்கு. கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. மிச்சத்தில் சகோதரர்கள், கல்வித் துறை ஊழியர்கள், இடமாற்றம் பெற்றவர்கள். அயலவர் என்றால் சும்மா அயலவர் அல்ல. உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டு. திகனயிலிருந்து கண்டிக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பலகொல்ல, பல்லேகல, குண்டசாலை, தென்னேகும்புர. வழிநெடுகப் பாடசாலை. கண்டி வாவி கண்ணில் படுமுன்பே பிள்ளையின் புள்ளி தீர்ந்துவிடும்.

"அப்படியானால் பக்கத்துப் பாடசாலைக்கே அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். கேட்பவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு மழையைப் பற்றித் திரும்பும். நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் எல்லாரும் சண்டை பிடிப்பது சில நூறுக்குத்தான். மிச்சத்தில் எத்தனையோ பாடசாலைகளில் விஞ்ஞான கூடம் என்று கதவில் எழுதியிருக்கும். திறந்தால் உடைந்த கதிரைகள் இருக்கும்.

ஆகவே அப்பா அம்மா கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். சட்டத்தரணி உறுதி எழுதுகிறார். பிள்ளையை அங்கே ஒருநாளும் கண்டிராத கிராம சேவகர் ஒப்பமிடுகிறார். அதிகாரிகள் வீடு பார்க்க வரும் நாளுக்கு முதல்நாள் அந்த அறைக்கு நான்கு பல் துலக்கும் தூரிகைகளும் ஒரு சாமி படமும் போய்ச் சேர்கின்றன. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கேக். கடைசியில் பிள்ளைக்கு ஒத்திகை.

"மகன், வீடு எங்க?"

"கண்டியில, சேர்."

"திகன" என்று சொன்னால் இனிப்பு இல்லை. "கண்டி" என்றால் சொக்லட். எழுத்து தெரியாத வயதில் பிள்ளை கற்கும் முதல் பாடம் இதுதான். இந்தப் பாடத்தில் சித்தியடைந்தவனைத்தான் பாடசாலை வாசலில் வெற்றிலை கொடுத்து வரவேற்கிறார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்: "பிள்ளைகளே, ஒருபோதும் பொய் சொல்லக் கூடாது."

நானும் ஒரு தகப்பன். நானும் ஒரு பாடசாலைக்குப் போனேன். அந்தக் கதை கடைசியில்.

கண்டியில் பெயர்பெற்ற ஆண்கள் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் 1854, திரித்துவம் 1872, தர்மராஜ 1887, கிங்ஸ்வூட் 1891. வயதில் எல்லாம் நமக்குப் பாட்டன்மார். இந்தக் குலத்துப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழா நாடெங்கும் ஒரே அச்சு. மேடையில் யாராவது எழுந்து, "நாங்கள் வெறும் பட்டதாரிகளை அல்ல, கனவான்களை உருவாக்குகிறோம்" என்று முழங்குவார். பிரதம விருந்தினரான அமைச்சர் ஒன்றரை மணி நேரம் பிந்தி வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பாண்ட் வாத்தியக்காரப் பையன் ஒருவன் மயங்கி விழுவான். அமைச்சர் வந்து நேரம் தவறாமை பற்றிப் பேசுவார். எல்லாரும் கைதட்டுவோம். நாமும்தான்.

கனவான் என்றால் யார்? பாடசாலைக் கையேட்டில் விடை இருக்கிறது. காலணி பளபளக்க வேண்டும். தலைமயிர் காதைத் தொடக் கூடாது. ஆசிரியரைக் கண்டால் ஒதுங்கி நிற்க வேண்டும். மாணவத் தலைவரைக் கண்டால் விறைத்து நிற்க வேண்டும். பழைய மாணவரைக் கண்டால், அதுவும் அவர் ப்ராடோவில் வந்தால், இன்னும் விறைக்க வேண்டும். மரியாதை என்பது இங்கே ஏணி மாதிரி. மேலே பார்த்துத்தான் ஏறலாம். கழிவறை கழுவும் அம்மாவுக்கு எப்படி வணக்கம் சொல்வது என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. அவர் கழுவிய தரையில் சேற்றுக் காலணியோடு நடக்கக் கூடாது என்றும் இல்லை. பளபளப்புக்குத்தான் விதி. சேறு அவர் பாடு.

கீழே இருப்பவனுக்கு என்ன கிடைக்கும்? பிரம்பு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை போட்டது. இலக்கம் 2005/17. மாணவனை அறைந்து காதின் கேட்கும் திறனைக் கெடுத்த ஆசிரியரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே 2021இல் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் நம் வீட்டுக் கலியாணங்களில் இன்றும் ஒரு மாமா எழும்பி, "எங்களுக்கு அடிச்சு வளர்த்ததாலதான் நாங்க மனுசனானோம்" என்பார். சொல்லி முடித்ததும் பரிமாறும் பையனைப் பார்த்து, "அடேய், தண்ணி எங்கடா?" என்று கத்துவார். மனுசனான இலட்சணம்.

அடி வாங்கியவன் மேல்வகுப்புக்குப் போனதும் அதைக் கீழே இறக்குகிறான். பல்கலைக்கழகம் போனால் அதற்குப் பகிடிவதை என்று பெயர். 1997இல் இதே கண்டிக்குப் பக்கத்தில், பேராதனையில், பொறியியல் பீட மாணவர் ஒருவர் அந்த வதையால் செத்தார். மறுவருடம் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். சட்டம் இன்றும் இருக்கிறது. பகிடிவதையும் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை. அதுவும் ஒரு நல்ல பழக்கம்தான்.

மார்ச் வந்தால் பாடசாலைக் கிரிக்கெட்டின் பிக் மெச் காலம். பப்பரே வாத்தியம், கொடி, லொறி, சைக்கிள் ஊர்வலம். கடைக் கடையாகத் தொப்பியை நீட்டிக் காசு கேட்கும் கூட்டம். பிச்சை கேட்டு வருபவனைக் கடைக்காரர் விரட்டலாம். கழுத்துப்பட்டி கட்டியவனை விரட்ட முடியாது. அவன் கேட்பதற்குப் பெயர் பிச்சை இல்லை, பாரம்பரியம்.

ஊர்வலம் பெண்கள் பாடசாலைப் பக்கம் திரும்பும். உடனே அங்கே கதவைப் பூட்டுவார்கள். பிள்ளைகளை வகுப்புக்குள் இருத்துவார்கள். வாசலில் பொலிஸ் நிற்கும். யோசித்துப் பாருங்கள். ஒழுக்கம் கற்றவர்கள் வீதியில். கற்பித்தவர்கள் வீட்டில். பூட்டு மட்டும் பெண்பிள்ளைகளுக்கு. நூறு வருடத்துக்கு மேல் கனவான்களை உருவாக்கியதன் பலன், கனவான்கள் வரும் திசையில் கதவைப் பூட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு மார்ச் மாதம் எங்களுக்கு நினைவிருக்கிறது. 2018.

தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தாக்கியவர்களைப் பிடிக்கப் பொலிஸ் இருந்தது, விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. கும்பலுக்கு அது போதவில்லை. 5ஆம் திகதி எங்கள் திகனயில் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிந்தன. வீடுகள் எரிந்தன. பள்ளிவாசல் எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞன் செத்தான். 6ஆம் திகதி நாடு முழுதும் அவசரகால நிலை. 7ஆம் திகதி ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் பூட்டு. கண்டிப் பாடசாலைகளுக்கும் பூட்டு. இந்த நாட்டு அதிகாரத்துக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கப் பாடம் பூட்டுத்தான். அதையும் எரிந்த பிறகுதான் போடும்.

கல்லெறிந்தவர்கள் எந்தப் பாடசாலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஒன்று மட்டும் தெரியும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகாதவன் அபூர்வம். தீ வைத்த கையும் ஒருகாலத்தில் சமயபாட வினாத்தாள் எழுதிய கைதான். அந்தக் கைக்குச் சொந்தக்காரனிடமும் ஒரு விடுகைப் பத்திரம் இருக்கும். அதில் நடத்தை என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு நேரே மணிமணியான எழுத்தில் எழுதியிருக்கும்: நன்று.

தவறு செய்தால் மன்னிப்புக் கேள் என்பதுதானே பாலர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முதல் மரியாதை? வெறுப்புப் பேச்சு தங்கள் தளத்தில் பரவியதற்காக ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் பிந்தித்தான். ஆனாலும் கேட்டது. எங்கோ அமெரிக்காவில் இருக்கும், காசைத் தவிர வேறு சாமி கும்பிடாத கம்பனிக்கு அந்த அளவு வளர்ப்பு இருந்தது. எங்கள் சந்தியில் வந்து நின்று மன்னிப்புக் கேட்ட கனவான் ஒருவரையும் நான் காணவில்லை.

கண்டிப் பாடசாலைகள் பெருமையோடு சொல்லும் இரண்டு பெயர்கள் முத்தையா முரளிதரனும் குமார் சங்கக்காரவும். அவர் அந்தோனியார், இவர் திரித்துவம். ஒருவருக்கு டெஸ்டில் 800 விக்கெட். மற்றவருக்கு 12,400 ஓட்டம். இந்த எண்கள் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் 1977இல், தமிழருக்கு எதிரான கலவரத்தில், திகனக்குப் பக்கத்துக் குண்டசாலையில், முரளியின் தந்தையின் பிஸ்கட் தொழிற்சாலையைக் கும்பல் தாக்கியது. அது யாருக்கும் மனப்பாடம் இல்லை. மறுபடியும் தமிழரைத் தாக்கிய 1983 ஜூலைக் கலவரத்தில் சங்கக்காரவின் தந்தை தம் கண்டி வீட்டில் தமிழ் நண்பர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அதை மகன் 2011இல் லோர்ட்ஸ் மைதானத்தில் உலகத்துக்கே சொன்னார். கூட விளையாடப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள் என்று அன்று தனக்குச் சந்தோஷமாக இருந்ததாம். வயது ஐந்து.

நல்லொழுக்கம் என்றால் அந்தக் கதவு. கொலைகாரன் வீதியில் நிற்கும்போது அயலவனுக்குத் திறந்த கதவு. அதற்குக் கழுத்துப்பட்டி தேவைப்படவில்லை. அதற்குப் புள்ளி போட எந்தச் சுற்றறிக்கையிலும் கட்டம் இல்லை. அயலவன் என்றால் யார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கல்வி அமைச்சு இன்னும் அதைக் கிலோமீற்றரில் அளந்துகொண்டிருக்கிறது.

இப்போது என் கதை. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அறை, பில், கேக், சாமி படம், எதிலும் குறையில்லை. மகனுக்கு இரண்டு வாரம் ஒத்திகை. நேர்முகப் பரீட்சையன்று மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மேசையில் காகிதக் கட்டு. அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் எல்லாரும் மிக மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தோம்.

நடுவில் இருந்தவர் குனிந்து, அன்பாகக் கேட்டார். "மகன், வீடு எங்க?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவரையே கேட்டான். "அப்பா சொல்லச் சொன்ன வீடா, எங்க வீடா?"

கோப்பு மூடியது. யாரும் கோபப்படவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பியவர் என் தோளில் கைவைத்து, மெல்லிய குரலில் ஆறுதல் சொன்னார். "பிள்ளையை இன்னும் கொஞ்சம் பழக்கியிருக்கணும்."

நடத்தை நன்று என்று எழுதத் தகுந்தவன் அன்று அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவனையும் திருத்தியிருப்பார்கள்.