ஜவ்வாது மலையில் ஹார்ட் டிஸ்கின் உறக்கம்: ஓர் ஆய்வு

ஜவ்வாது மலையில் ஒரு லினக்ஸ் கணினி, கோப்பைத் திறக்கச் சொன்னால் சில விநாடி யோசித்த பிறகே திறக்கிறது என்று கொள்வோம். பழியை மலை மேல் போடுவோர் முன்வைக்கும் வாதம் அற்பமானதன்று. ஹார்ட் டிஸ்கின் படிப்புமுனை, சுழலும் தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் இடைவெளியில் காற்றின் மீதுதான் மிதக்கிறது. காற்று மெலிந்தால் முனை தாழும். ஆனால் வழக்கமான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் உயர எல்லை ஏறத்தாழ 3,000 மீட்டர். இம்மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதோ சுமார் 725 மீட்டரில். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கே லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டரில், இன்னொரு வானாய்வகம் உண்டு. காற்றைக் குறைசொல்லும் தகுதி ஒரு டிஸ்குக்கு அங்கேதான் வாய்க்கும். ஜவ்வாது மலை டிஸ்குக்கு நோய் உறக்கம். அதுவும் நாம் ஆணையிட்ட உறக்கம்.

ஆணை பிறப்பிக்கும் கருவி ஹெச்டிபார்ம். அதன் பெரிய எஸ் தெரிவுக்குத் தரும் எண், டிஸ்க் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் சுழற்சியை நிறுத்தலாம் என்பதைக் குறிக்கும். 1 முதல் 240 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் 5 விநாடி. ஆக 240 என்றால் 20 நிமிடம். 241 என்றால் திடீரென்று அரை மணி. அங்கிருந்து அரை மணி அரை மணியாக ஏறி 251இல் ஐந்தரை மணி நேரம். அடுத்த எண் 252 இன்னும் நீளும் என்று எண்ணுபவர் ஏமாறுவார்: அது 21 நிமிடம். 255 என்றால் 21 நிமிடமும் 15 விநாடியும். அந்தப் பதினைந்து விநாடி யாருக்குத் தேவைப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது. மின்சாரம் மிச்சம் என்று 12 எழுதியவரின் டிஸ்க் ஒரே நிமிடத்தில் கண்ணயரும்; மீண்டும் முழு வேகத்துக்குச் சுழல அது எடுக்கும் விநாடிகளைத்தான் மந்தம் என்கிறோம்.

அதே கருவியின் சிறிய டி தெரிவால் படிக்கும் வேகத்தை அளந்தால் அது குறையின்றி வருகிறதே என்பது மறுப்பு. உறங்குபவரை உலுக்கி எழுப்பிவிட்டு, விழித்துத்தான் இருக்கிறார் என்று சான்றிதழ் தரும் சோதனை அது. முதலில் பெரிய சி தெரிவால் கேட்க வேண்டும். டிஸ்கை எழுப்பாமலே நிலையைச் சொல்லும். அக்காலத்தில் டிஎம்ஏவை (செயலியை நடுவே இழுக்காமல் தரவை நேரே நினைவகத்துக்கு அனுப்பும் முறையை) இயக்கியதும் டிஸ்க் பறந்ததே என்பார் மூத்தோர். உண்மைதான், ஆனால் இன்றைய கெர்னல் அதைத் தானே இயக்கிவிடுகிறது. அதை இயக்கும் பழைய கட்டளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிழைச் செய்திதான். எஸ் தெரிவுக்கு 0 தந்தால் உறக்கம் நீங்கும். அமைப்புக் கோப்பிலும் எழுதாவிட்டால் அடுத்த முறை கணினியை அணைத்துப் போட்டதும் பழைய வழக்கமே திரும்பக்கூடும். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் வேறு கதை: சில பெட்டிகளின் சில்லே அதை உறங்க வைக்கும், ஹெச்டிபார்ம் சொல்வது அதன் காதில் ஏறாது.