கொரியப் பாடம் தந்த பெருமக்களுக்கு

கொரியாவில் வேலைக்குப் போவதற்கான கொரிய மொழிப் பரீட்சைக்கு இணையவழிப் பாடம் அமைத்துத் தரும் பெருமக்களே, புளத்கொகுபிட்டியத் தோட்டத்து லயங்களின் சார்பில் உங்களுக்கு வாழ்த்து.

உங்கள் பொறுமை யாருக்கு வரும்! 2004இல் கொரியாவின் வேலை அனுமதித் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த நாடு இலங்கை. கொரிய மனிதவள அபிவிருத்திச் சேவை 60 பாடங்கள் கொண்ட பாடநூலை இலவசமாகவே தருகிறது. இலங்கைக்கான பதிப்பில் விளக்கமெல்லாம் சிங்களம். இருபது ஆண்டு கடந்தும் தமிழுக்காக நீங்கள் அவசரப்படவில்லை. 39 வயதுவரை பரீட்சை எழுதலாமே, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன அவசரம்?

உங்கள் தாராளமும் பெரிது. ஒரு மொழி படிக்க வந்தவனுக்கு இரண்டு மொழி தருகிறீர்கள். உங்கள் பாடத்தில் 'அன்ஜொன்மோ' என்ற சொல்லுக்கு நேரே 'ஆரக்‌ஷித ஹிஸ்வெசும' என்றிருக்கிறது. கடைத்தெருச் சிங்களம் மட்டும் தெரிந்த பிள்ளை அதற்கு அர்த்தம் தேடி நாலு பேரைக் கேட்டு, அது தலையில் போடும் பாதுகாப்புத் தொப்பி என்று கண்டுபிடிக்கிறான். இவ்வளவு உழைத்துத் தெரிந்துகொண்ட சொல்லை அவன் மறப்பானா?

இரகசியம் காப்பதிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. கொரியத்தில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'சிபெ கயோ' என்றால் 'வீட்டுக்குப் போகிறேன்'. சொல் வரிசை அப்படியே நம்முடையது. இதைத் தமிழில் நாலு வரி எழுதியிருந்தால் பிள்ளைகள் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிச் சுலபமாகிவிடாமல் காத்தீர்கள். மாதிரி வினாத்தாளில்கூட விடையை மட்டும் கொடுத்து, அது ஏன் சரி என்பதை வாய்திறந்து சொல்லாத அடக்கம் உங்களுடையது.

உடற்பயிற்சியையும் மறக்கவில்லை நீங்கள். பரீட்சையின் 40 கேள்விகளில் 20 கேட்டல். அதற்குக் காது பழக வேண்டும். நீங்களோ மணிக்கணக்கில் ஓடும் வீடியோவாகத் தருகிறீர்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய்வந்த பிள்ளை, சிக்னல் தேடி மாலையில் மேட்டில் ஏறி நிற்கிறான். வசனத்தின் பாதி வந்ததும் படம் சுழல்கிறது, மீதியை ஊகிக்கிறான். அதற்கான டேட்டா, தாயின் நாட்சம்பளத்திலிருந்து போகிறது. அந்தத் தாய்க்கும் சிக்கனம் கற்பித்த புண்ணியம் உங்களுக்கே.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் பத்திரமாக இருக்கும் தமிழை நீங்கள் உங்கள் பாடத்துக்குள் இழுத்து அலைக்கழிக்கவில்லை. அந்த மரியாதைக்கும் நன்றி.

இத்தனை பெருமையும் உங்களைவிட்டு ஒருநாளில் போய்விட வேண்டும் என்பதே எங்கள் ஆசை. 60 பாடங்களுக்கும் தமிழில் சொற்பட்டியலும் இலக்கணக் குறிப்பும் எழுதுங்கள். கேட்டல் பகுதியைச் சின்னச் சின்ன ஒலிக்கோப்புகளாக்கி, ஒருதடவை இறக்கிவைத்து லயத்திலேயே கேட்கும்படி கொடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் காரணம் சொல்லுங்கள். கொரியாத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிறவன் எங்கள் பிள்ளை. எச்சரிக்கைப் பலகையை அவன் ஊகித்து வாசிக்கக் கூடாது. இவற்றைச் செய்யுங்கள். அதன்பின் உங்களைப் புகழ எங்களுக்கு இத்தனை சுற்றுவழி தேவைப்படாது.