கிரைண்டர் கடையின் புலப்பாடு: ஓர் ஆய்வு

தேடுபொறியில் ஒரு சிறு கடையின் வலைத்தளம் கண்ணில் படும் தன்மை இக்கட்டுரையில் 'புலப்பாடு' எனப்படும். புலப்பாடு கடையின் குணம் அன்று. தேடுபவர் யார், எந்தத் தெருவில் நிற்கிறார், என்ன எழுத்துப்பிழையோடு தட்டுகிறார் என்பதைப் பொறுத்து வேளைக்கு வேளை மாறும் நிலை அது. கடைக்காரர்கள் இதை ஏற்க மறுப்பதால்தான் புலப்பாட்டைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் துறை பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கான மாதிரி, கோவை காந்திபுரத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும் ஒரு கிரைண்டர் விற்பனை மற்றும் ரிப்பேர் கடை. கடை கற்பனையே ஆயினும், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் ஆய்வின் கனத்தில் குறையில்லை.

இணையத்துக்கு முந்தைய காலத்தில் புலப்பாடு அகரவரிசைக்குக் கட்டுப்பட்டிருந்தது. தொலைபேசி டைரக்டரியில் முதலில் வர வேண்டும் என்பதற்காகப் பெயருக்கு முன் மூன்று 'ஏ' சேர்த்துக்கொண்ட பூட்டுக்காரர்களும் பிளம்பர்களும் அமெரிக்காவில் ஏராளம். நம் ஊர் 'ஏ ஒன்' டீக்கடைகள் இந்த மரபைச் சேர்ந்தவையா, தரத்தைத்தான் சொல்கின்றனவா என்பது டீயைக் குடித்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

ஸ்டான்ஃபோர்டில் 1996 வாக்கில் லாரி பேஜும் செர்கே பிரினும் அகரவரிசைக்கு முடிவு கட்டினர். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவர்களுக்கு என்ன மரியாதை என்று பார்த்து வரிசைப்படுத்துவது அவர்கள் முறை. கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிக்கிற வீட்டார், சம்பந்தி சொன்ன பெயருக்கு ஒரு மதிப்பும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெயருக்கு வேறு மதிப்பும் கொடுப்பதில்லையா, அதுதான் இது. முறையின் பெயர் பேஜ்ரேங்க். பேஜ் என்பது பக்கத்தையும் குறிக்கும், கண்டுபிடித்தவரையும் குறிக்கும். காளமேகப் புலவர் இருந்திருந்தால் சிலேடையின் தரத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். அவர்கள் தொடங்கிய கூகுள் 1998-இல் நிறுவனமாகப் பதிவாயிற்று.

தேடுபொறி அனுப்பும் நிரல் கடைக்கு வரும் வாடிக்கையாளரைப் போன்றதன்று. அது எழுத்தைப் படிக்க வருகிறது. மாதிரிக் கடையின் முகப்புப் பக்கத்தில் இருப்பதோ ஒரே ஒரு படம்: திறப்பு விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ். இரண்டு லிட்டர் டேபிள் டாப், டில்டிங், கடைகளுக்கான பத்து லிட்டர், 'கல் கொத்தித் தரப்படும்', முகவரி, மூன்று செல் நம்பர், ஓரத்தில் கைகூப்பி நிற்கும் பெரியப்பா எல்லாம் அந்தப் படத்துக்குள் அடக்கம். மனிதக் கண்ணுக்கு இதில் குறையொன்றும் இல்லை. படத்துக்கு மாற்றுரை எழுதப்படாததாலும், கோப்பின் பெயர் வாட்ஸாப் கொடுத்த எண்ணாகவே இருப்பதாலும், கடை எதை விற்கிறது என்பதற்கு அந்தப் பக்கத்தில் எழுத்தால் ஆன சாட்சியம் எதுவும் இல்லை.

எழுத்து இருந்தும் படிக்க முடியாத நிலை இதனினும் நுட்பமானது. அச்சகத்து டிடிபி கோப்பிலிருந்து அப்படியே ஒட்டப்பட்ட பழைய தளங்களில் பாமினி போன்ற எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு உள்ளன. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, அடியில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில விசைகளாகவே கிடக்கிறது. யூனிகோடில் 'அம்மா' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் சிக்காது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில். உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவையில் நடந்ததும் அதே மாதம். மாநாட்டுத் திடலுக்குப் பக்கத்து அச்சகங்களுக்கே செய்தி போய்ச் சேர நாளாயிற்று.

புலப்பாடின்மையின் பூரண நிலைக்கு ஒரு சொடுக்கு போதும். வேர்ட்பிரஸ் தளத்தின் அமைப்புகளில், தேடுபொறிகள் இத்தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்று உண்டு. தளம் கட்டும் பையன் வேலை முடியும் வரை அதில் டிக் போட்டு வைப்பான். அது முறைதான். வேலை முடிந்து, காசு வாங்கி, பூஜை போட்ட பிறகும் டிக் அப்படியே இருக்கும். ஷட்டரை இறக்கி வைத்துவிட்டு உள்ளே சாம்பிராணி போடும் இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடியது. இதற்கிடையே கடைக்காரர் போட்டிக் கடை செய்வினை வைத்துவிட்டதாக ஐயுறுவது இயல்பு.

சொல் திணிப்பு இத்துறையின் பொற்காலக் கலை. கண்ணுக்குத் தெரியாத 'கீவேர்ட்ஸ்' குறிச்சொல்லில் ஊர்ப் பெயர்களையெல்லாம் அடுக்குவதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'கிரைண்டர் கோவை கிரைண்டர் விலை கிரைண்டர் ரிப்பேர்' என்று சகஸ்ரநாமம் எழுதுவதும் அதன் இரு பிரிவுகள். வரிசைப்படுத்த அந்தக் குறிச்சொல்லைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-இல் வெளிப்படையாகச் சொன்னது. சரக்கற்ற பக்கங்களை 2011-இல் பாண்டா என்ற கூகுள் புதுப்பிப்பு கீழே தள்ளிற்று. காசுக்கு வாங்கிய சுட்டிகளை 2012-இல் பென்குவின் என்ற அடுத்த புதுப்பிப்பு கவனித்துக்கொண்டது. பாண்டா விலங்கின் பெயர் அன்று, பொறியாளர் ஒருவரின் பெயர். பென்குவின் பறவையேதான்.

ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் படும் பாடு தனி அத்தியாயத்துக்கு உரியது. கோயம்புத்தூர், கோவை, கோய்முத்தூர் மூன்றும் ஒரே ஊர். ஆங்கிலத்தில் தட்டும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வடிவங்கள் கிளைக்கின்றன. தமிழக அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர் 'சி'யை விட்டு 'கே'யில் தொடங்கும் நீளமான வடிவம் பெற்றது. ஆணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. விசிட்டிங் கார்டு அடிக்க அவசரப்படாத சோம்பேறிகளே அந்த வாரத்தில் லாபம் கண்டவர்கள். நல்லவேளையாக, எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைத் தேடுபொறி பெருமளவு தானே சரிசெய்துகொள்கிறது. எல்லா வடிவங்களையும் பக்கத்தில் கொட்டி வைப்பது படிப்பவருக்குத்தான் தண்டனை.

அருகில் உள்ள கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தூரம், பெயர்பெற்ற தன்மை ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. கடைக்காரர் கைக்கு எட்டாதது தூரம். சிங்காநல்லூரில் மிக்ஸி ஜாரோடு நிற்பவருக்குக் காந்திபுரம் எப்போதும் சிங்காநல்லூருக்குப் பின்னால்தான். தூரத்தைப் பெயரால் வென்றுவிடலாம் என்ற கருதுகோளுக்கும் வரலாறு உண்டு: நியூயார்க்கில் ஓர் உணவகம் 'தாய் ஃபுட் நியர் மீ' என்றே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. வேறு ஊரில் இருந்து தேடுபவருக்கு அந்தப் பெயர் பச்சைப் பொய்யாகிவிடும் என்ற தத்துவச் சிக்கல் பெயர் வைத்தவர்களைத் தடுக்கவில்லை.

இனி இத்துறையின் மையப் பிணியான சுயதேடல் மயக்கம். கடைக்காரர் காலை ஒன்பதரைக்குக் கடையைத் திறந்து, ஊதுவத்தி ஏற்றி, கல்லாவில் உட்கார்ந்ததும் கைப்பேசியில் 'கிரைண்டர் ரிப்பேர்' என்று தட்டுகிறார். முதலிடத்தில் அவர் கடை. எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். எதிர்க்கடைக்காரரின் போனிலும் அதே விடை. சாட்சியோடு நிரூபணமாகிவிட்டதாக இருவரும் டீ குடிக்கின்றனர். கைப்பேசி இருப்பது அந்தக் கடையின் கல்லாவில். தேடுபவருக்கும் கடைக்கும் இடையே தூரம் என்று ஒன்று இல்லவே இல்லை. முந்தைய முந்நூறு காலைகளிலும் அவர் அதே கடையைத்தான் தொட்டிருக்கிறார் என்பதையும் போன் மறந்திருக்காது. இன்காக்னிடோவில் பார்த்தால் உண்மை தெரியும் என்பார் ஒரு சாரார். இன்காக்னிடோ பழைய தேடல்களை ஒதுக்கி வைக்கும். போன் காந்திபுரத்தில் இருப்பதை மறைக்காது. தம் கடை எத்தனையாவதாக வருகிறது என்பதை அறிய இந்த ஊரிலேயே மிக மோசமான இடம் தம் கல்லாதான் என்பது கடைக்காரருக்கு விளங்குவதில்லை. வெவ்வேறு இடங்களில் தேடியவர்களுக்குத் தளம் சராசரியாக எத்தனையாவதாகத் தெரிந்தது என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகக் காட்டும். அதன் கடவுச்சொல் யாரிடம் என்ற வினா கீழே வரும்.

இந்த மயக்கத்தை அண்டிப் பிழைக்கும் உயிரினம் தொலைபேசி வழியே வரும். "அண்ணா, ஃபர்ஸ்ட் பேஜ் கேரண்டிங்ணா, மூணு மாசம்" என்பது அதன் கூவல். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர இயலாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கூவும் குரல் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது: கடையின் முழுப் பெயரைத் தட்டினால் கடை முதலில் வரும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தரலாம். மூன்று மாதம் கழித்து அறிக்கையில் இருப்பதும் அதுவே.

மதிப்புரைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் ஒரே நாளில் எழுதிய பதினோரு ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைவிட, 'கல் தேஞ்சு மாவு நறநறன்னு இருந்துச்சு, கொத்திக் குடுத்தாங்க' என்ற ஒரு வரி அதிகம் நம்பப்படும்.

எஞ்சியது மரணம். தளத்தின் பெயர் ஆண்டுச் சந்தாவில் வாழ்வது. அதைப் பதிவு செய்தது மச்சான் மகன், அவன் கல்லூரி மின்னஞ்சலில். சர்ச் கன்சோலும் அதே கணக்கில். அவன் துபாய்க்குப் போய் நான்காண்டு ஆகிறது. புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல்கள் அந்தப் பெட்டிக்கும், ஓடிபி அவனுடைய பழைய எண்ணுக்கும் தவறாமல் போகின்றன. அந்த எண் இப்போது பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் இருக்கிறது. டாட் காம் பெயராக இருப்பின், பதிவாளர் தரும் கெடு தாண்டியதும் மீட்புக் காலம் 30 நாள். அதில் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். பின்னர் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதன்பின் பெயர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடைக்கும். காலை ஒன்பதரைக்குக் கல்லாவில் தட்டினால் வரைபடத்தில் கடை அப்போதும் முதலிடத்தில் நிற்கும். 'இணையதளம்' என்ற பொத்தானைத் தொட்டால் ஆன்லைன் ரம்மி திறக்கும்.