மாமாவின் பத்து ரூபாய்

தங்கை கல்யாணத்துக்குப் பேரையூர் மாமா செய்த மொய் பத்து ரூபாய். அப்படித்தான் என் புரோகிராம் சொன்னது. அவர் வைத்தது 10,001.

எங்கள் பக்கம் மொய் என்பது வட்டியில்லாக் கடன். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது நோட்டில் ஏற வேண்டும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதற்குமேல் கொஞ்சம் போட்டுத் திருப்ப வேண்டும். நோட்டைத் தொலைத்த குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மிதப்பில், "நோட்டெல்லாம் எதுக்கு, ஃபைலாப் போட்டுரலாம்" என்றேன். சித்தப்பா மகன் மொய் மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து நோட்பேடில் தட்டினான். ஊர், கமா, பெயர், கமா, தொகை, கமா, போன் நம்பர். ஆளுக்கு ஒரு வரி. சிஎஸ்வி என்பது இவ்வளவுதான்.

பைத்தானில் இதைப் படிக்க ஒரு வரி போதும் என்று நினைத்தேன். ஸ்பிளிட் என்று ஓர் அரிவாள் இருக்கிறது. கமாவைக் கண்டால் வெட்டும். யார் வீட்டுக் கமா என்று கேட்காது. தம்பியோ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி 10,001 என்று கமா போட்டு அடித்திருந்தான். தொகைக் கட்டத்தில் 10 விழுந்தது. 001 போன் நம்பர் கட்டத்துக்குப் போனது. தொகைப்படி அடுக்கினால் 501 செய்தவர்கள் பட்டியலின் உச்சியில். ஆயிரத்தொன்று வைத்த அத்தனை பேரும் ஒரு ரூபாயுடன் அடியில். இதைச் சரிபார்க்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேறு போட்டுவிட்டேன்.

விடியற்காலையில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, பஸ்ஸுக்கே பத்து ரூபாய்க்கு மேல ஆச்சே?"

"கமா விழுந்துருச்சு மாமா."

"நான் ரூபாய்தான் வச்சேன். கமா எதுவும் வைக்கலையே."

கமா உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்று 2005-இல் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணமே எழுதிவைத்தார்கள். அதற்கும் முன்னால், 2003 முதலே, பைத்தானில் சிஎஸ்வி மாட்யூல் உண்டு. மேற்கோளுக்குள் இருக்கும் கமாவை அது தொடாது. ஆனால் அடித்தவன் மேற்கோள் போட்டிருந்தால்தானே? மாட்யூலும் மாமாவுக்குப் பத்து ரூபாய்தான் என்றது. நாலு கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்த வரிகளைத் தேடிப்பிடித்து, அறுந்த தொகையை ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

ஒட்டியதைத் திரும்ப எழுதினால், விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி. ஃபைலைத் திறக்கும்போது நியூலைனுக்கு வெறும் மேற்கோள் கொடுக்க மறந்திருக்கிறேன். பதினைந்து வருஷமாக மறக்கிறேன். அதையும் சரிசெய்து அப்பாவிடம் கொடுத்தேன். எக்ஸெலில் திறந்தார். பேருக்கு ஒரு தமிழ் எழுத்து இல்லை. தலையில் கீற்று வைத்த ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர், வரிவரியாக அதுவே. "இவங்கல்லாம் எந்த ஊர்க்காரங்கடா?" என்றார். யூடிஎஃப்-8 ஃபைலின் தலையில் பிஓஎம் என்கிற மூன்று பைட் இருந்தால்தான் எக்ஸெலுக்கு ஆள் அடையாளம் தெரியும். என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றினேன். தமிழ் வந்தது, போன் நம்பர் போனது. 91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கமாக இருந்ததையெல்லாம் 9.19ஈ+11 என்று சுருக்கி வைத்திருந்தது.

எக்ஸெலின் அதிகப்பிரசங்கித்தனம் ஊர் அறிந்தது. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததில், 2020 வாக்கில் விஞ்ஞானிகள் மரபணுவுக்கே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எக்ஸெலைத் திருத்துவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது.

அப்பா கடைக்குப் போய் நீளமான நோட்டு ஒன்று வாங்கிவந்தார். நான் வாசிக்க வாசிக்க, மஞ்சள் தடவிய நோட்டில் மொத்த மொய்யையும் எழுதினார். கமா போட்டுத்தான் எழுதினார். ஒன்றும் உடையவில்லை.

வருகிற ஆவணியில் மாமா வீட்டுக் காதணி விழா. குறைந்தது 11,001 செய்தாக வேண்டும். அங்கே மொய் எழுதப்போவது மாமாவின் மகன். அவனும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறான். தம்பி, மேற்கோள் போட்டு எழுதப்பா.